புதுக்கோட்டையிலிருந்து ஒரு விண்ணப்பம்: அறிவியல் மேற்படிப்பும் நோக்கக் கடிதமும்

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மெட்ரிகுலேஷன் தேறிய பின் உள்ளூர் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்து வந்த கல்லூரி அது. அவர் பெண் என்பதும், தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர் என்பதும் எதிர்ப்புக்குக் காரணமாயின. கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். அங்கிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போன முத்துலட்சுமி, 1912-இல் மருத்துவரானார். அவர் எழுப்பிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்கி வருகிறது.

அந்த விண்ணப்பத்தின் கதியைத் தீர்மானித்தது அதில் எழுதியிருந்த எதுவும் அல்ல. இவர் கல்லூரிக்குள் வரலாமா என்பதுதான் வழக்கு. முடிவு செய்யும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தது. அவர் மனம் இரங்கினார். மனு என்பதன் இயல்பே அதுதான். கேட்பவர் தம் நிலையைச் சொல்லுவார், கொடுப்பவர் தம் பெருந்தன்மையைக் காட்டுவார். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. ஆனாலும் மனு எழுதும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போனால், தரையில் அமர்ந்து மனு எழுதித் தருபவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். குடும்ப நிலை, வருமானம், பட்ட துன்பம், கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகோள் என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம்.

இந்த வரிசையோடுதான் நம் மாணவர்கள் அறிவியல் மேற்படிப்புக்கான நோக்கக் கடிதத்தையும் எழுதத் தொடங்குகிறார்கள். ‘எஸ்.ஓ.பி.’ என்று கல்லூரி வட்டாரத்தில் சொல்லப்படும் இந்தக் கடிதம் ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் அடங்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர் மதிப்பெண் பட்டியல், பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு இதையும் டிசம்பர் வாக்கில் அனுப்ப வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் இதன் பெயரும் நீளமும் மாறும். கேட்பது ஏறக்குறைய இதைத்தான். 2018-க்குப் பிறகு அமெரிக்க அறிவியல் துறைகள் பல ஜி.ஆர்.இ. தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டன. அந்த எண் போனபின், மற்ற காகிதங்களின் பாரம் கூடியிருக்கிறது.

இந்தியாவில் நிலை வேறு. இங்கே மேற்படிப்பின் கதவைத் திறப்பவை ஜாம், கேட், நெட் ஆகிய தேர்வுகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2024 அறிவிப்பின்படி, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைக்காமல் பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் நெட் தேறியவர்களுக்கு, தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்துக்கு 30 விழுக்காடும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. நோக்கக் கடிதத்துக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. மூன்றாண்டு பி.எஸ்சி., இரண்டாண்டு எம்.எஸ்சி. படித்து முடிக்கும் ஒரு மாணவி, தான் செய்த ஆய்வைப் பற்றித் தன் வாக்கியங்களில் ஒரு பக்கம் எழுதும்படி ஒருமுறைகூடக் கேட்கப்படாமலே வெளியே வந்துவிடலாம். அவளிடம் திடீரென்று ஆயிரம் சொற்களைக் கேட்டால், தெரிந்த ஒரே வடிவத்துக்குள் புகுந்துகொள்கிறாள். அது மனு.

இந்த வடிவத்தை உள்ளிருந்தே உடைத்த ஒரு கடிதம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டிருக்கிறது. முத்துலட்சுமி மருத்துவப் பட்டம் பெற்ற 1912-இல்தான் கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற தொடக்கநிலைக் கல்லூரி வகுப்பைக் கடக்க முடியாதவர். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரு கேம்பிரிட்ஜ்க் கணிதப் பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் கிட்டாமல் போயிருந்தது.

ஹார்டிக்கு எழுதியதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். முதல் சில வரிகள் மனுதான்: துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. அந்தச் செய்திகளை அவர் நீட்டவில்லை. பள்ளிப் படிப்புக்குப் பின் ஓய்வு நேரத்தில் கணிதத்தில் உழைத்து வந்ததாகச் சொல்லி, உடனே விஷயத்துக்கு வருகிறார். ஹார்டி 1910-இல் வெளியிட்ட ‘முடிவிலியின் வரிசைகள்’ பற்றிய சிறுநூலின் 36-ஆம் பக்கத்தைச் சுட்டுகிறார். கொடுத்த ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டமான கோவை எதுவும் இதுவரை கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள். உண்மையான விடையை மிக நெருங்கும் ஒரு கோவையை நான் கண்டிருக்கிறேன் என்கிறார். அதன் பின் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். முடிவில்தான் ஏழ்மையையும் அனுபவமின்மையையும் ஓரிரு வரிகளில் தொட்டு, மதிப்புள்ளவை எனத் தோன்றினால் அச்சேற வழிசெய்யும்படி கேட்கிறார்.

இன்றைய சேர்க்கைக் குழுக்கள் ஒரு நோக்கக் கடிதத்தில் தேடுவது அனேகமாக எல்லாமே இதற்குள் இருக்கிறது. யாருக்கு எழுதுகிறோம் என்பது தெரிகிறது. அவருடைய எழுத்தைப் பக்க எண் சொல்லும் அளவுக்குப் படித்த தடயம் இருக்கிறது. அங்கே திறந்து கிடக்கும் ஒரு கேள்வியைத் தன் உழைப்போடு இணைக்கிறார். சரிபார்த்துக்கொள்ள முடிகிற சரக்கைக் கையில் கொடுக்கிறார்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பகா எண்களைப் பற்றி இராமானுஜன் சொன்னது தவறு. பிழை புறக்கணிக்கத்தக்கது என்று அவர் கருதிய கோவையில் பிழை அப்படிப் புறக்கணிக்கத்தக்கதாக இல்லை. சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அறியாததால் வந்த குறை அது என்று ஹார்டி பிற்பாடு விளக்கியிருக்கிறார். கடிதத்தின் முதல் பெருமித வரியே தவறாக இருந்தும் கடிதம் வென்றது. மற்ற முடிவுகளை ஹார்டி வகை பிரித்தார்: ஏற்கெனவே தெரிந்தவை அல்லது தெரிந்தவற்றிலிருந்து எளிதில் வருபவை, புதியவை ஆனாலும் விந்தை என்ற அளவில் நிற்பவை, புதியவையும் முக்கியமானவையும். பிப்ரவரி 8 அன்று எழுதிய பதிலில் நிரூபணங்களை அனுப்பும்படி கேட்டார். பிழையே இல்லாதவரை ஹார்டி தேடவில்லை. இந்த மனிதர் எப்படி யோசிக்கிறார் என்பது அந்தத் தாள்களில் தெரிந்தது, அது போதுமாக இருந்தது.

எஃப்.ஏ. தேறாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் கப்பல் ஏறினார்.

மேதைகளுக்கு மட்டும் பலிக்கும் வழி இது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1929-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் மாணவராக இருந்த சந்திரசேகரும் கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபௌலருக்குத் தன் கட்டுரையைத்தான் அனுப்பினார். ஃபௌலர் வழியாக அது ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1930-இல் அவரிடமே ஆய்வு மாணவரானார். சந்திரசேகருக்குக் குடும்பப் பின்புலமும் நூலகமும் இருந்தன, இராமானுஜனுக்கு இரண்டும் இல்லை. அனுப்பிய பொருளின் தன்மை மட்டும் ஒன்றுதான்.

மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கல்வி உலகில் கண்ணுக்கு மறைவாகவே இயங்கும் எழுத்து வகைகள் சில உண்டு என்றார். இதழாசிரியருக்கு எழுதும் கடிதம், பரிந்துரைக் கடிதம், விண்ணப்பக் கடிதம் போன்றவை. ஆய்வுக் கட்டுரை நூலகத்தில் கிடைக்கும், பார்த்துப் பழகலாம். இவை எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையிலேயே புதைந்துவிடுகின்றன. எனவே ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும்தான் மாதிரி கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்கும் மாணவர் விடுதியில் சீனியரிடம் கேட்டால் நாலு கடிதம் வாங்கிவிடலாம். கந்தர்வகோட்டையிலிருந்து பேருந்தில் வந்து புதுக்கோட்டை அரசு மகளிர் கலைக் கல்லூரியில் படித்துவிட்டுப் போகிறவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, யாரிடம் கேட்பார்? அறிவில் ஒரு குறையும் இல்லாதவருக்கு வடிவம் தெரியாததால் வாய்ப்பு நழுவுகிறது. இதை நான் ஓர் அநீதியாகவே பார்க்கிறேன்.

2006-இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களைக் கேட்டு, விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும் காரணங்களைத் தொகுத்தார்கள். சொந்த வாழ்க்கையை அளவு மீறித் திறந்து காட்டுவது, உலகுக்கு உதவ வேண்டும் என்ற ஆசையையே காரணமாக நீட்டுவது, விண்ணப்பிக்கும் துறையைப் பற்றி எதுவும் தெரியாமல் எழுதுவது, ஒழுங்கற்ற எழுத்து, அசத்த நினைத்து எடுத்த முயற்சி சறுக்குவது என அந்தப் பட்டியல் போகிறது. நம் ஊர்க் கடிதங்களில் முதல் மூன்றும் நிறைந்திருக்கும். துறைக்குத் துறை எதிர்பார்ப்பு மாறும் என்பதை 2008-இல் சாம்ராஜ், மங்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே பல்கலைக்கழகத்தின் மூன்று துறைக் கடிதங்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள். மேலாண்மைப் படிப்புக்குப் போன அண்ணனின் கடிதத்தை வாங்கி வேதியியலுக்குத் திருத்துவதால் பயன் இல்லை.

ஜூலி பாசெல்ட் பத்து முனைவர் பட்டத் துறைகளின் சேர்க்கைக் கூட்டங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட நூலையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் சல்லடையில் மதிப்பெண்ணும் படித்த நிறுவனத்தின் பெயரும் செல்வாக்குச் செலுத்துவதை அவர் கண்டார். கடிதம் மட்டும் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று மாணவர்களிடம் சொல்வது சரியாகாது. ஆனால் பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வருபவருக்குத் தன்னைப் பற்றித் தானே பேசக் கிடைக்கும் ஒரே இடம் இந்தக் கடிதம்தான்.

நம் கல்லூரிகளில் வழக்கமான ஓர் எம்.எஸ்சி. புராஜெக்டையே எடுத்துக்கொள்வோம். ஏதாவது ஓர் இலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரிப்பது தமிழ்நாட்டு வேதியியல் துறைகளில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதை மாணவர்கள் இப்படி எழுதுவார்கள்: “சிறு வயது முதலே அறிவியலில் எனக்குத் தீராத ஆர்வம். என் எம்.எஸ்சி. ஆய்வில் ஆவாரம் இலையைப் பயன்படுத்திச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத முறையில் வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்து, எக்ஸ்.ஆர்.டி., எஸ்.இ.எம். மூலம் பண்பறிந்தேன். தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து நாட்டுக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்.” படிப்பவருக்கு இதில் ஆள் தெரியவில்லை. ஆயிரம் பேர் இதே வாக்கியங்களை எழுதியிருக்க முடியும்.

அதே ஆய்வைச் செய்தவர் இப்படியும் எழுதலாம். எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்தது இது: “சித்திரையில் பறித்த ஆவாரம் இலைச் சாற்றில் கரைசல் கால் மணி நேரத்தில் பழுப்பாயிற்று. ஐப்பசி மழைக்குப் பின் பறித்த இலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 430 நானோமீட்டர் அருகே கூர்மையாக வந்த உறிஞ்சல் முகடும் அகன்று போனது. முதலில் என் அளவீட்டுப் பிழை என்று நினைத்துத் திரும்பச் செய்தேன், மறுபடி அதேதான். இலையின் மொத்த ஃபீனால் அளவை இரு பருவத்திலும் அளந்தேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் வேகத்தில் வந்த மாற்றத்தை விளக்க அது போதவில்லை. எஸ்.இ.எம். படம் காரைக்குடியில் எடுத்தது. கருவியை நான் இயக்கவில்லை. எந்த மூலக்கூறு வெள்ளி அயனியை ஒடுக்குகிறது, எது துகளைப் பொதிந்துகொள்கிறது என்பதைப் பிரித்தறியும் முறைகள் எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அதைக் கற்கவே விண்ணப்பிக்கிறேன்.”

இதில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. ஒரு முரண் கண்ணில் பட்டதும் இவர் அதை மறைக்காமல் பின்தொடர்ந்திருக்கிறார். தான் செய்ததையும் பிறர் செய்து கொடுத்ததையும் பிரித்துச் சொல்கிறார். மேற்படிப்பு எதற்கு என்ற கேள்விக்குத் தன் ஆய்வகத்தின் எல்லையே பதிலாக நிற்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பெரிய இடங்களுக்கு மாதிரியைக் கொடுத்து அளந்து வாங்குவது நம் பகுதிக் கல்லூரிகளில் சாதாரணம். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. மறைத்தால்தான் நேர்முகத்தில் மாட்டிக்கொள்ள நேரும்.

இப்படிப் பின்தொடரத்தக்க ஆய்வுக் கேள்விகளுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பஞ்சம் கிடையாது. வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்தைத் தாக்கும் மஞ்சள் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. அதைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகங்கள் அங்கிருந்து வந்தவை. தாவரவியல் மாணவருக்கு நோய் எதிர்ப்பின் மரபியல் பேருந்து தூரத்தில் கிடக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேயும் கடற்புல் படுகைகளைப் பற்றிக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் அறிந்ததில் ஒரு பகுதிகூட இன்னும் அறிவியல் இதழ்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். மாவட்டமெங்கும் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. மடை, கலிங்கு, குமிழித் தூம்பு என்று நீரை ஆண்ட பழைய பொறியியல் அவற்றில் நிற்கிறது. வரத்து வாய்க்கால் அடைபட்ட ஒரு கண்மாயில் நிலத்தடி நீர் என்ன ஆகிறது என்பது இயற்பியல், நிலவியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி. சொந்த ஊரைக் கடிதத்தில் கொண்டுவர வேண்டுமானால் இந்த வழியாகக் கொண்டுவரலாம். ஊர் அப்போது அலங்காரமாக நில்லாமல் ஆய்வுப் பொருளாகிறது.

வறுமையைச் சொல்லலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சொல்லலாம், உழைப்பை விளக்க உதவும் அளவுக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதித் தென்னைகளையும் பலாவையும் சாய்த்துப்போட்டது. பல வீடுகளில் வருமானம் ஒரே இரவில் நின்றது. அந்தப் பருவத்தில் ஒருவருடைய மதிப்பெண் சரிந்திருந்தால் இரண்டு வரியில் காரணத்தைச் சொல்லி, அடுத்த பருவத்தில் எழுந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். சில பல்கலைக்கழகங்கள் வாழ்க்கைப் பின்னணிக்கென்றே தனிக் கட்டுரை கேட்கின்றன. விரிவாக எழுத அதுவே இடம். இராமானுஜனும் தன் ஏழ்மையை மறைக்கவில்லை. பிப்ரவரி 27-ஆம் தேதியிட்ட அடுத்த கடிதத்தில் அரைப்பட்டினி என்றே எழுதி, உதவித்தொகை பெற ஹார்டியின் ஆதரவைக் கேட்டார். தேற்றங்கள் முதலில் போய்ச் சேர்ந்திருந்ததால் அந்த வேண்டுகோளுக்கு எடை இருந்தது.

ஆங்கிலம் பற்றிய பயம்தான் பலரையும் காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதித்தரும் ஏஜென்சிகளிடம் கொண்டுபோய் விடுகிறது. இப்போது சாட்ஜிபிடியும் சேர்ந்துகொண்டது. இரண்டிலும் வருவது வழவழப்பான பொது வாக்கியம். ஐப்பசி இலை ஏன் தாமதித்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. நான் சொல்லும் வழி எளியது. செய்த ஆய்வை முதலில் தமிழில், தங்கைக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். எங்கே அவள் புரியவில்லை என்கிறாளோ அங்கே உங்களுக்கும் தெளிவில்லை. அதன்பின் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றி, ஆசிரியர் ஒருவரிடம் இலக்கணத்தை மட்டும் சரிபார்த்து வாங்குங்கள். எந்தப் பேராசிரியரின் ஆய்வகம் வேண்டும் என்று எழுதுகிறீர்களோ, அவருடைய அண்மைக் கட்டுரை இரண்டையாவது படித்திருக்க வேண்டும்.

இறுதியாண்டு வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு, இளநிலை மாணவர்களும் ஒரு சிறு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். அந்தக் குறிப்புதான் ஒருவரின் முதல் நோக்கக் கடிதம். இடம் கிடைக்காவிட்டாலும் எழுதிய பயிற்சி தங்கும்.

துறை ஆசிரியர்களின் பொறுப்பும் இதில் பெரிது. பரிந்துரைக் கடிதத்தில் “நல்லொழுக்கமுள்ள, பணிவான மாணவி” என்று எழுதுவது நடத்தைச் சான்றிதழோடு நிற்கும். அவள் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தது, ஒரு முடிவை ஏற்க மறுத்து வாதாடியது போன்றவற்றை எழுதினால்தான் அவளுடைய கடிதத்துக்குச் சாட்சி கிடைக்கும். ஒவ்வொரு புராஜெக்டின் முடிவிலும் மாணவர் தன் ஆய்வைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று துறையே வைத்துக்கொண்டால் போதும். தனி நிதியோ பாடத்திட்ட மாற்றமோ வேண்டியதில்லை.

1991-92-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்த மாவட்டம் இது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் பெருந்திரளான தொண்டர்களும் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையிலான நிர்வாகமும் சேர்ந்து, எழுத்து யாருக்கு எட்டாமல் இருந்ததோ அவர்கள் வீட்டு வாசலுக்கே அதைக் கொண்டுபோனார்கள். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். இந்த எழுத்து வகையையும் அப்படித் திறந்துவிட நம்மால் முடியும். புதுக்கோட்டைக் கல்லூரிகளில் படித்துப் பெங்களூரிலோ பெர்லினிலோ பாஸ்டனிலோ ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நோக்கக் கடிதத்தை, இடம் வாங்கித் தந்ததையும் நிராகரிக்கப்பட்டதையும் சேர்த்தே, நீங்கள் படித்த துறைக்கு அனுப்பிவையுங்கள். துறைத்தலைவர்களே, அவற்றைக் கோப்பில் பூட்டிவிடாமல் துறை நூலகத்தில் மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அடுத்த டிசம்பருக்கு முன்பே இதைச் செய்துவிட முடியும்.